அண்ணனின் காசோலையில் நான் இழுத்த கோடு

என் தங்கமான அண்ணிக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தெட்டு நாள். நம் தேயிலைத் தோட்டத்தில் மழை இன்னும் விடவில்லை. உங்கள் சின்னவள் போன கிழமையிலிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் கொழுந்துக் கூடையை அண்ணன் யாரையும் தொட விடுவதில்லை.

நாளை நம் மாதர் சங்கக் கூட்டம். தலைவி நாற்காலியில் நீங்கள் இல்லாத முதல் கூட்டம். பொருளாளர் நான், கணக்கு வாசிப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசிக்கப் போகிறேன். அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

ஒரு நாள்கூடத் தள்ளாமல் பதுளையில் ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, அந்தச் செலவுக்குச் சங்கத்துக் காசோலையை வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதினேன். சங்கத்துக் கணக்கு வகுப்பில் படித்தபடி அச்சுப் பிசகாமல் எழுதினேன். அண்ணனின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. தொகை எழுத்தில், இடது ஓரத்தை ஒட்டி, யாரும் ஒரு சொல்லைச் செருகிவிடாதபடி, முடிவில் ‘மட்டும்’. அடித்தல் திருத்தல் இல்லை. கடைசியாக மூலையில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ‘பெறுபவர் கணக்குக்கு மட்டும்’ என்று எழுதினேன். அப்படிக் கோடு போட்டால் பேங்கில் கையில் காசு தரமாட்டார்கள், கணக்கில்தான் போடுவார்கள்.

"கோடு எதுக்கு செல்வி? அவரு காசாவே வாங்கிட்டு வந்தா நாளைக்கே போயிரலாமே?" என்று படுத்தபடியே கேட்டீர்கள்.

"இல்லீங்க அண்ணி, கோடு போட்டே ஆகணும். அதான் சட்டம்" என்றேன்.

பொய் அண்ணி. அப்படி ஒரு சட்டமும் இல்லை. கோடு போடுவதும் விடுவதும் எழுதுகிறவர் இஷ்டம். காசு கைக்கு வந்தால் அண்ணன் நேரே சாராயக் கடைக்குப் போய்விடுவார் என்று பயந்தேன். கணக்கில் விழுந்தால் நானே கூடப் போய் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் என் பேச்சை நம்பித் தலைவியின் கையெழுத்தை வைத்தீர்கள்.

அண்ணனுக்குக் கணக்கே இல்லை. தோட்டத்துத் தொழிலாளியாகப் பேர் பதிவில் இருந்த காலத்துக் கணக்கை எப்போதோ மூடிவிட்டாராம். இப்போது வெளியே நாட்கூலி, கைக்காசுதான். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

காசோலையோடு போன அண்ணனிடம் பசறை பேங்கில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். "ஐயா, கோடு போட்டிருக்கு, கையில குடுக்க ஏலாது. வேற செக் எழுதிக்கிட்டு வாங்க." அதற்குள் பேங்க் மூடும் நேரம். கடைசி பஸ்ஸும் தவறி, அண்ணன் மழையில் நடந்தே வந்தார். காசோலை பொலித்தீன் பையில் நனையாமல் இருந்தது. அவர் வாயில் சாராய வாடையே இல்லை.

உடனே கோடில்லாமல் இன்னொன்று எழுதினேன். உங்கள் மணிக்கட்டை நான் தாங்கிப் பிடிக்க, நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். ஆனால் பேங்க் இனித் திங்கட்கிழமைதான். சனிக்கிழமை லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கிக் கடன் கேட்டோம், பாதிதான் சேர்ந்தது. ஞாயிறு காலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

சாவு வீட்டில் அண்ணன் அந்தப் பேங்க் பெண்ணைத்தான் திட்டினார். "அந்தப் புள்ள அன்னிக்கே காசைக் குடுத்திருந்தா என் பொண்டாட்டி இருந்திருப்பா!" நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவள் மாதிரி நின்றேன். போன கிழமை பசறைக்கே போய், எல்லோர் முன்னாலும் அவளிடம் சத்தம் போட்டிருக்கிறார். அவள் அழுதுவிட்டாளாம். அவள் செய்தது சரி. எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணன் பாதியில் எழுந்து போனாலும் நாளை நான் கடைசி வரி வரை வாசிப்பேன். மறுநாள் பசறைக்குப் போய் அந்தப் பெண்ணிடமும் உண்மையைச் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அண்ணன் இனி என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவாரோ, மாட்டாரோ.

உங்களுக்கு என்றும் நாத்தனார்தான்,
செல்வி