காலவரையற்ற விடுமுறை

வாரம் 16, திங்கள், காலை 9.10
நிலா வளாகம், மாணவர் மனநலப் பிரிவு. எழுதுவது மருத்துவர் தமயந்தி. பருவம் இன்றோடு முடிய வேண்டும். மாணவர்களின் தூக்கம் சுமார், பசி பரவாயில்லை. ஆனால் அவர்களைப் பூமிக்கு ஏற்றிப்போக வந்த விண்கப்பல் வழியிலேயே வெடித்துவிட்டது. அடுத்தது வர ஒரு வருடம் ஆகும். இது எனக்கும் கல்லூரி முதல்வர் இருதயராஜுக்கும் மட்டுமே தெரியும். "பரீட்சையைத் தள்ளிப்போடுவோம்மா. புத்தகம் கையில இருக்கிற வரைக்கும் பசங்க அடங்கிக் கிடப்பாங்க" என்றார். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

வாரம் 22, புதன், மாலை 4.00
பரீட்சை மறுபடியும் தள்ளிப்போனது. உணவுக்கூடத்தில் ஒருவன் இன்னொருவன் கன்னத்தில் காம்பஸால் குத்தினான். சாம்பாரில் ரத்தம். குத்துப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தானாம். முடிவு தெரியாத பருவம் இவர்களை மிருகமாக்கிவிட்டது.

வாரம் 25, வெள்ளி, காலை 11.30
பரீட்சை இன்னொரு முறையும் தள்ளிப்போக, மாணவர்கள் முதல்வரை அடித்துவிட்டார்கள். முன்பற்கள் போயின. விண்வெளி உடைகளையெல்லாம் கிழித்துப் போட்டார்கள். அவரைக் கட்டுப்பாட்டு அறைக்குள் இழுத்துவந்து கதவைப் பூட்டிக்கொண்டேன்.

11.45
பழக்கதோஷம். கலவரம் என்றால் ஊர்க் கல்லூரிகளில் செய்வதை மனிதர் இங்கேயும் செய்துவிட்டார். ஒலிபெருக்கியில்: "கல்லூரிக்குக் காலவரையற்ற விடுமுறை. எல்லாரும் உடனே விடுதியைக் காலி பண்ணணும்." காலி பண்ணி எங்கே போவது, நிலாவில்?

12.05
கப்பல் வந்துவிட்டதென்று பெட்டி படுக்கையோடு கப்பல் துறையின் உள்கதவில் முட்டுகிறார்கள். துளைக்கும் கருவியும் கொண்டுவந்துவிட்டார்கள். உள்கதவும் அதற்கடுத்த வெளிக்கதவும் போனால் மொத்த வளாகமும் காற்றில்லாமல் சாகும். கப்பல் வெடித்த உண்மையை ஒலிபெருக்கியில் கத்தினேன். தூத்துக்குடிப் பெண் ஜெனிட்டா கதவோரப் பேசியில் பதில் சொன்னாள்: "இத்தன நாளும் பொய்தான மேடம் சொன்னீங்க. இத மட்டும் எப்படி நம்ப?"

12.20
பராமரிப்புப் பாதை வழியாகத் துறையின் இரண்டு கதவுகளுக்கு நடுவே வந்துவிட்டேன். வெளிக்கதவைத் திறந்தால் உள்கதவின் கண்ணாடி வழியே கப்பல் இல்லாத வெறும் நிலா மண்தான் தெரியும். கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். எனக்கு விண்வெளி உடை இல்லை. வரும்போது இருதயராஜ் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குச் சொல்லிக்கலாம்மா" என்றார். முகத்தில் உதைத்தேன். நிம்மதியாக இருந்தது.

12.31
ஜெனிட்டா கண்ணாடியில் முகம் பதித்திருக்கிறாள். பயமாக இருக்கிறது. பிள்ளைகளா, நல்லா பாருங்க. கைப்பிடியை இழுக்

12.32, தானியங்கிப் பதிவு
வெளிக்கதவு திறந்தது. அறையில் உயிர்க்குறி இல்லை.
கதவோரப் பேசி, முன்வரிசை, ஜெனிட்டா: "தள்ளாதீங்க. அங்க ஒண்ணுமில்ல. மேடம் செத்துட்டாங்க."
கதவோரப் பேசி, பின்வரிசை: "வெளிக்கதவு திறந்துருச்சுடா. மேடம்தான் முதல்ல ஏறியிருக்காங்க. தள்ளுங்கடா."
உள்கதவில் துளையிடல் தொடர்கிறது.