வெறுந்தாளில் ஒரு கையெழுத்து

லோசான்
14.01.2024

அன்புள்ள கனகு,

நானும் அன்னமலரும் மகளும் சுகம். சிவகலாவின் முழங்கால் இப்போது எப்படி?

நீ அனுப்பிய தமிழ்ப் பள்ளிகள் ஒன்றியத்தின் யாப்பு வரைவை இரண்டு தரம் வாசித்தேன். பதினொரு பள்ளிகளை ஒன்றாக்க நீ ஆறு வருடம் ஓடித்திரிந்தது எனக்குத் தெரியாததா? தலைவராக நீதான் இருக்க வேண்டும். ஆனால் ஏழாம் பிரிவு என் தொண்டைக்குள் இறங்கவில்லை. 'ஒன்றியத்தின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் எந்த ஆசிரியரையும் நிர்வாகசபை உடனடியாக நீக்கலாம்.' எது ஊறு என்று யார் சொல்வது? 'காரணம் சொல்லாமலும் அவர் பக்கத்தைக் கேளாமலும் எவரையும் நீக்கக்கூடாது' என்று ஒரு வரி சேர். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கு இப்போது காலை வேலை. மத்தியானத்தில் நூலகத்தில் இருந்து, அமெரிக்கர்கள் தங்கள் அரசியல் யாப்பை எழுதிய கதையைப் பிரெஞ்சில் வாசிக்கிறேன். 1787இலும் இதே சண்டைதான். நடுவில் ஒரு பலமான அரசு வேண்டும் என்று ஒரு பகுதி. தனிமனிதனின் உரிமையை எழுதி வைக்காவிட்டால் அந்தப் பலம் எங்கள் தலையிலேயே விழும் என்று மறுபகுதி.

வட்ஸ்அப்பில் எழுதினால் பின்னேரத்துக்குள் வின்டர்தூர் முழுக்கப் போய்விடும். சுவிசுக்கு அகதியாய் வந்த வருடம் உன்னைச் சூரிச் மாநிலத்துக்கும் என்னை வோ மாநிலத்துக்கும் பங்குபிரித்து விட்டார்களே, அன்று தொடங்கிய கடிதப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்?

அன்னமலர் வழமைபோலப் புதன் மத்தியானம் படிப்பிக்கப் போகிறாள். இருபத்திரண்டு வருடமாகியும் முதல் நாள் போகிறவள் மாதிரித்தான் வெளிக்கிடுகிறாள். உங்கள் இருவரையும் சுகம் கேட்டாள்.

உன்,
றேமன்ட்

வின்டர்தூர்
23.01.2024

அன்பு நண்பன் றேமன்டுக்கு,

உன் கடிதத்தைச் சிவகலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "றேமன்ட் அண்ணை சலவைக்குப் போகாமல் அப்புக்காத்தாக் கோட்டுக்குப் போயிருக்கலாம்" என்றாள்.

உன் அமெரிக்கர்கள் பிலடெல்பியாவில் நாலு மாதம் கதவைச் சாத்திக்கொண்டிருந்து எழுதினார்கள். எங்களுக்கு ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபத் திறப்பை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது ஒரு வரியைத் திறந்தால் ஆளுக்கொரு வரி கொண்டு வருவார்கள்.

இங்கே ஒரே நகரத்தில் மூன்று தமிழ்ப் பள்ளி. ஒன்றில் படிக்கிற பிள்ளை மற்றதன் பரிசளிப்புக்குப் போகாது. பிரிந்து பிரிந்து நாங்கள் பட்டது போதாதா? நடுவில் ஒரு பிடி இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எல்லாம் அவிழ்ந்துவிடும். அமெரிக்கர்களும் யாப்பை முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகுதானே உரிமைகளைச் சேர்த்தார்கள்? நாங்களும் அப்படிச் செய்வோம். அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் உன் வரியைச் சேர்ப்பது என் பொறுப்பு. இது சத்தியம். லோசான் பள்ளியின் பிரதிநிதியாக நீ கையெழுத்து வைக்காவிட்டால் ஜெனீவாவும் வைக்காது. என்னைக் கைவிட்டுவிடாதே.

என்றும் உன்,
கனகரத்தினம்

லோசான்
05.03.2024

அன்புள்ள கனகு,

ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தபோது கையெழுத்து வைத்தது சரி என்றுதான் பட்டது. ரயிலில் திரும்பி வரும்போது அப்படிப் படவில்லை.

அந்த அமெரிக்கப் புத்தகத்தில் ஒருவர் வருகிறார். உரிமைப் பட்டியல் இல்லையென்று கடைசி நாளில் கையெழுத்து வைக்க மறுத்தவர். முதல் ஜனாதிபதியாக வந்தவரின் அயலவர், நெடுநாள் சிநேகிதர். அந்தச் சிநேகிதம் அதோடு போயிற்று. எனக்கு அவ்வளவு துணிவு இல்லை. அந்த வரியைவிட நீ எனக்கு வேண்டும்.

"உங்களுக்கே பிடிக்காததுக்கு ஏன் வைச்சனீங்கள்?" என்று அன்னமலர் கேட்டாள். கனகு சத்தியம் பண்ணியிருக்கிறான் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

உன்,
றேமன்ட்

லோசான்
20.11.2024

கனகரத்தினம்,

இன்று அன்னமலருக்கு ஒன்றியத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வரி. 'ஏழாம் பிரிவின்படி இன்று முதல் ஆசிரியர் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.' கீழே உன் கையெழுத்து.

பள்ளியின் பெற்றோர் மலரில் அவள் எழுதியதற்காகத்தானே? ஒன்றியத்தின் சோதனைத் தாள், இங்கே பிறந்து பிரெஞ்சில் யோசிக்கிற பிள்ளைகளை அழவைக்கிறது, தாள் தயாரிக்கிறவர்கள் ஒரு நாள் வகுப்பில் வந்து இருந்து பார்க்கட்டும் என்று எழுதினாள். உண்மையைத்தானே எழுதினாள்? அமெரிக்காவிலும் 1798இல் இப்படி ஒரு சட்டம் போட்டு, அரசைக் குறைசொன்ன பத்திரிகைக்காரர்களைச் சிறையில் வைத்தார்கள். யாப்பு வந்து பத்து வருடத்துக்குப் பிறகு. உங்களுக்குப் பத்து மாதமும் பொறுக்கவில்லை.

போன மாதம்தான் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். உனக்கு எப்படிச் சொல்வது என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

றேமன்ட்

வின்டர்தூர்
02.12.2024

என் அன்பு றேமன்ட்,

அன்னமலருக்கு வந்த நோயை அறிந்து இருவரும் அழுதோம்.

நீ நம்ப வேண்டும், அந்தக் கடிதத்தை நான் கண்ணால் காணவில்லை. செயலாளர் கிஷோபன் பாசலில் இருக்கிறான். ஒவ்வொரு கடிதத்துக்கும் அவன் ரயிலேறி வரவேண்டாமென்று, ஒன்றியத்தின் கடிதத்தாளில் பத்துத் தாளுக்கு வெறுமையாகவே கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தேன். எங்கள் சங்கங்களில் எல்லாத் தலைவர்களும் செய்கிறதுதான். அதிலொன்று உன் வீட்டுக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உடனே கடிதத்தை மீளப்பெறச் சொன்னேன். அப்படிச் செய்தால் விலகுவோம் என்று சபையில் நாலு பேர் சொல்கிறார்கள். அவர்களோடு மூன்று பள்ளிகள் போகும். மே மாதப் பொதுக்கூட்டம் வரை பொறுத்துக்கொள். உன் வரியை நிறைவேற்றி, அவவை மரியாதையாகக் கூப்பிட்டு, கேட்டு, திருப்பி எடுப்போம். என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

உன்,
கனகு

லோசான்
12.02.2025

கனகு,

மருந்து ஏற்றுகிறார்கள். ஒரு கரண்டி கஞ்சிக்கு அரை மணித்தியாலம் செல்கிறது.

தன்னிடம் காரணம் கேட்பார்கள் என்று நாலு பக்கத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறாள். எழுத்துப்பிழை இருக்கக்கூடாதென்று என்னை மூன்று தரம் வாசிக்க வைத்தாள். தபால் வந்தால் என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று, "கனகு அண்ணை போன் எடுத்தவரோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவருக்கு எத்தினை கரைச்சல்" என்றாள்.

ஒரு தரம் அவளோடு கதை. யாப்பை விடு. தலைவராக வேண்டாம், கனகு அண்ணையாகக் கதை. மே அவளுக்குத் தூரம்.

றேமன்ட்

வின்டர்தூர்
19.05.2025

என் உயிர் நண்பனுக்கு,

நேற்றைய பொதுக்கூட்டத்தில் உன் வரி ஒரு சொல்லும் மாறாமல் நிறைவேறியது. அறுபத்தொரு பேரும் கை உயர்த்தினார்கள், கிஷோபன் உட்பட. அன்னமலரின் பக்கத்தைக் கேட்க ஜூன் 14, சனிக்கிழமை, சபை லோசானுக்கே வருகிறது. இயலாவிட்டால் வீட்டுக்கு வருவோம்.

நான் ஏன் அவவுக்குப் போன் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். வெறுங்கையோடு எடுத்து என்னத்தைச் சொல்வது என்ற வெட்கம். இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது. முதலில் அவவுக்குச் சொல்லு.

உன்,
கனகு

லோசான்
02.06.2025

கனகு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வீடு நிறையச் சனம். அவள் செவ்வாய்க்கிழமை விடியப் போய்விட்டாள். நீ எடுத்த நேரமெல்லாம் போன் என் கையில்தான் இருந்தது. உன்னை அடக்கத்துக்கு வரவேண்டாம் என்று மகளைக் கொண்டு சொல்வித்ததும் நான்தான்.

அவளுடைய நாலு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சபைக்கு வேண்டாம். அது 'அன்பின் கனகு அண்ணைக்கு' என்றுதான் தொடங்குகிறது.

முழுப் பழியையும் உன்மேல் போட்டுவிட்டு நான் நித்திரை கொள்ளவில்லை. வாசித்து, விளங்கி, பிழை என்று தெரிந்துகொண்டு கையெழுத்து வைத்தவன் நான். நீ வெறுந்தாளில் வைத்தாய். அந்த வரி இனி வருகிற ஆசிரியர்களைக் காப்பாற்றும். நல்லது. நீ அதைச் செய்தாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்.

பத்தொன்பதாம் திகதி முப்பத்தோராம் நாள் திருப்பலி. அதற்கு வர நீ லீவு எடுத்திருப்பதாகச் சிவகலா மகளுக்குச் சொன்னாவாம். வராதே. கோபத்தில் எழுதவில்லை. நீ வந்தால் கோயில் வாசலில் நின்று அழுவாய். நாற்பது வருடப் பழக்கம், நான் உன் தோளில் கை போட்டுத் தேற்றுவேன். எனக்கு உன்னைத் தேற்ற விருப்பமில்லை.

றேமன்ட்