மல்லிகாக்காவைச் சோதனை போட்ட சந்து

மே 11, ஞாயிறு
காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் நாமக்கல். சின்ன வயசில் குடியிருந்த லைன் வீட்டுச் சந்துக்காரர்கள் மண்டபத்தில் கூடினோம். முப்பது வருஷம் கழித்து. ஓனரம்மாவுக்குச் சால்வை. மைக்கில் ஒருத்தர், "நாமெல்லாம் ஒரே குடும்பமுங்க." கைதட்டல். நானும் தட்டினேன். த்தூ.

பந்தியில் ஓனரம்மா பக்கத்து இலை. "நாலாம் நம்பர் ஊட்டுல மல்லிகான்னு ஒருத்தி இருந்தாளே, எஞ்சங்கிலியத் திருடுனவ!" சுற்றிலும் சிரிப்பு. பாதியில் எழுந்துவிட்டேன்.

மே 12, திங்கள்
காஸ் புக் பண்ணணும். பல்வலி மாத்திரை.

மல்லிகாக்கா அப்போது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகும். வந்து எனக்குத் தலை பின்னிவிடும். சங்கிலி காணோம் என்ற அன்று, நாலு பொம்பளைகள் குழாயடியில் அதன் சேலையை உருவி உதறினார்கள். பாவாடையோடு நின்றது. வேலை விட்டு வந்த ஆம்பளைகள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை. அக்கா என்னைப் பார்த்தது. நான் அம்மா முந்தானைக்குள் போய்விட்டேன். ஒன்பது வயசு. மறுநாள் அந்த வீடு காலி.

மே 14, புதன்
அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள்.
"அந்தச் சங்கிலி ஒரே வாரத்துல கெடச்சிருச்சு சாமி. ஓனரம்மா ஊட்டு மெத்தைக்கு அடியில. அங்க கூட்டப் போனப்ப நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."
"அப்பறம்?"
"வெளிய சொல்லாதேன்னுட்டாங்க. குடியிருக்கறவ என்னத்தப் பேசறது?"


மே 15, வியாழன்
சந்துக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: சங்கிலி ஓனரம்மா வீட்டிலேயே கிடைத்தது, மல்லிகாக்கா திருடவில்லை. பதில்: "பழசெல்லாம் இப்ப எதுக்குங்க?" கும்பிடு பொம்மை ரெண்டு. பத்து நிமிஷத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள். ஒரே குடும்பம்!
ஒருத்தி மட்டும் தனியாக அனுப்பினாள்: அக்கா இப்போது நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் மண்டியில் வேலை.

மே 18, ஞாயிறு
போனேன். தலை முழுக்க நரை. கையெல்லாம் மஞ்சள். சங்கிலி கிடைத்த கதையைச் சொல்லி அழுதேன். அக்கா அழவில்லை.
"தெரியுஞ் சாமி. உங்கம்மா அப்பவே தேடி வந்து சொல்லுச்சே."
"சொன்னாங்களா?"
"சொல்லிட்டு, வெளிய உட்றாதேன்னு காலப் புடிச்சுது. ஊட்ட உட்டுத் தொரத்திட்டா உம் படிப்பு போயிருமாம். அதுக்காவத்தான் வாயத் தொறக்கல."

என் படிப்புக்காக. அக்காவுக்கு முப்பது வருஷமாகத் திருடிப் பட்டம்.

டீ கொடுத்தது. குடிக்க முடியாமல் குடித்தேன்.

வீட்டில் அம்மா, "எங்க போயிட்டு வாரே?"
"சேலம். துணி பாக்க."
எனக்கும் வாய் கூசவே இல்லை.