மரைக்கார் குரலில் வாங்கிய பலகை

2025 ஏப்ரல் 5, சனி

ஓ.எல். சோதனையும் முடிந்தது, பெருநாளும் முடிந்தது. இனி றிசல்ட் வரும்வரை நான் சும்மா திரியும் பிராணி. யூடியூப்பில் ஒருவன் வேலை மேசை செய்கிறான். மரவேலை பழகுகிறவன் முதலில் அதைத்தான் செய்ய வேண்டுமாம். அது இல்லாமல் வேறொன்றையும் ஒழுங்காக அறுக்கவோ சீவவோ முடியாதாம். உம்மாவிடம் சொன்னேன். பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் களைத்திருந்தவ, "சாப்புடுற மேசைய ஒருக்காத் துடைச்சிரிக்கியா நீ? மேசை செய்யப் போறாராம்!" என்றா.

ஏப்ரல் 7, திங்கள்

பழைய கூரை மரத்தை அறுத்துக் கால்களும் சட்டமும் செய்தாயிற்று. நாலு காலுக்கும் ஒரே அளவில்தான் கோடு போட்டேன். வாள் தன் பாட்டில் போய்விட்டது. நிறுத்திப் பார்த்தால் மூன்றுதான் தரையைத் தொடுகிறது. நாலில் மூன்று, ஆகவே இது முக்கால் மேசை. கூட்டாளி பர்ஸான் சிரித்துச் சிரித்து இருமினான். "மேலுக்குப் போடப் பலகை எங்கடா?" என்றான். அதுதான் இல்லை. இருந்திருந்தாலும் அறுக்கப் பயம்.

ஏப்ரல் 9, புதன்

கிடைத்தது! பள்ளிவாசலுக்குப் பின்னால், அடக்கம் செய்யும் மையவாடி மதிலோடு ஒட்டிய தகரக் கொட்டிலில் பலகை அடுக்கு. பள்ளிக்குக் கொங்கிரீட் போட்டபோது மிஞ்சியதாக்கும். எல்லாம் ஒரே நீளம். அறுக்கவே தேவையில்லை, குறுக்கே அடுக்கி ஆணி அடித்தால் சரி.

கேட்டால் அப்துல் ஸமட் மரைக்கார் தரமாட்டார். பள்ளி நிர்வாகத்துக்கு அவர்தான் தலைவர், தேய்ந்த விளக்குமாற்றைக்கூட எறிய விடாதவர். ஆனால் அவர் குரல் என் தொண்டையில் இருக்கிறதே! வகுப்பில் எத்தனை தடவை அவரைப் போலக் கதைத்துக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

பர்ஸானின் போனில் மசூர் மோதினாருக்கு எடுத்தேன். பாங்கு சொல்வதும் பள்ளியைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

"மசூர்! இது மகன்ட போன். கொட்டில்ல கிடக்கிற பலகைய எடுக்க ஹிஷாம் வருவான், குடுத்து உடு."

"எல்லாத்தயுமா மரைக்கார்?"

"எல்லாத்தயும்தான்! கேள்வி கேக்கிற வேலைய உடு."

"ஓம் மரைக்கார், ஓம்."

என் பெயரையும் நானே சொன்னதில் பர்ஸான் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான்.

மோதினார் தானே வண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டித் தந்தார். "மரைக்கார் புதுசு போடப் போறார் போல, என்ன மகன்?" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டினேன். "பலகைக்குப் பல கை வேணும்தானே, நல்லகாலம் நீங்க ரெண்டு கை தந்தீங்க," என்றேன். சிரித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

மேசை முடிந்தது. ஆடுகிறது. ஆனாலும் என் மேசை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எப்படி எழுதுவது?

கடற்கரை வீதி நதீரா மாமி காலையில் மௌத்து. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் பர்ஸானும் வழக்கம்போல மையவாடி மதிலடியில் நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். மாமியின் மையத்தைக் கபுறுக் குழியில் இறக்கி வைத்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மரைக்கார் திரும்பிப் பார்த்தார்.

"பலகை எங்க மசூர்?"

அது மிஞ்சிய பலகை இல்லை. கபுறுப் பலகை. இந்தக் கடற்கரை மணல் மையத்தின் மேல் சரியாமல் இருக்கக் குறுக்கே அடுக்குவது. எத்தனை ஜனாஸாவுக்குப் போயிருக்கிறேன்! ஒருநாளாவது கபுறடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேனா?

"நீங்கதானே மரைக்கார் போன்ல குடுக்கச் சொன்னீங்க? புதுசு கொண்டு வருவீங்க எண்டு நான் நினைச்சன்."

"நானா? நானா சொன்ன? அல்லாஹ்வுக்குப் பயந்து கதை மசூர்!"

அத்தனை பேருக்கு முன்னால். நதீரா மாமியின் மகன் கபுறுக்குள் நின்றபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மோதினார் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது தோளில் பலகை. அவருடைய கட்டிலைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றில் பிள்ளைகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் இருந்தது.

ஏன்டா நீ சொல்லல்ல? நாள் முழுக்க வாயடிக்கிறவன், அந்த நேரம் மட்டும் வாய் எங்க போன?

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு மரைக்கார் எங்கள் வீட்டுக்கு வந்தார், பின்னால் மோதினார். மரைக்கார் மேசையைப் பார்த்தார்.

"ஆர் தந்த?"

"மோதினார்தான் தந்தார்."

பொய் இல்லை. பொய்யைவிட மோசம்.

"மகன், மரைக்கார் சொல்லித்தானே நீ வந்த?" என்று மோதினார் கேட்டார். கெஞ்சுவது போல.

எனக்குத் தெரியாது என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

விடியற்காலை சுபஹுக்கு வேறு யாரோ பாங்கு சொன்னார். மோதினாரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்களாம். "பள்ளிப் பலகைய வித்துத் திண்டுட்டு மரைக்கார்ட தலையில போடுறான்," என்று சலூனில் கதை. முடியை வெட்டாமலே எழும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பர்ஸான்: "சொல்லிராதடா. அது என்ட போன்."

ஏப்ரல் 16, புதன்

பலகைகளைத் திருப்பிக் கொடுக்க, மேசையின் ஆணிகளைப் பிடுங்கினேன். இரண்டு பலகை வெடித்துவிட்டது. அடிக்கும்போது வளைந்த ஆணி, பிடுங்கும்போது வரமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகத்தார் இருந்த இடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். போனில் கதைத்தது நான் என்று. பர்ஸானின் பெயரைச் சொல்லவில்லை.

மரைக்கார் நம்பவில்லை. "அந்தாள்ல இரக்கப்பட்டுச் சொல்றியா? மசூருக்கு என்ட குரல் தெரியாதா?"

வேறு வழி தெரியவில்லை. அவருக்கு முன்னாலேயே செய்தேன். "மசூர்! இது மகன்ட போன்..." தொடங்கிக் கடைசிவரை.

ஒருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு அச்சு அசலாக நான் ஒருநாளும் செய்ததில்லை. மரைக்கார் தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார். தூணடியில் இருந்த வாப்பா எழும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

ஏப்ரல் 19, சனி

திரும்பி வரச் சொல்லி மரைக்கார் மோதினாருக்குப் போன் எடுத்தாராம். "காணும் மகன், விளையாடினது போதும்," என்று, அது நான்தான் என நினைத்து, மோதினார் போனை வைத்துவிட்டாராம். பிறகு மரைக்கார் முழங்கால் நோவோடு நடந்தே போய்க் கூட்டிவந்தார்.

மோதினாரின் கட்டிலுக்கு வாப்பா பலகை வாங்கினார். நான் சுமந்துபோய் வாசலில் வைத்தேன். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடைக்குப் போகும் வழியில், உச்சி வெயிலில் மோதினார் நடந்து வந்தார். ஒதுங்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. சலாம் சொன்னேன். பதில் சொன்னார்.

"எங்க போயிட்டு வாறீங்க?"

"மரைக்கார்ட வீட்ட. பள்ளித் தண்ணி மோட்டரைப் போடச் சொல்லிப் போன் வந்த. சொன்னது அவர்தானா எண்டு கேட்டுட்டு வாறன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அப்போது அவருடைய சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ஓம் மரைக்கார், ஓம்," என்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.