அழித்த டைரக்டரி

1988, கார்த்திகை 3

யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து வாங்கிய மென்பொருள் ஒரு டைரக்டரியில், அதாவது ஃபைல்களை அடுக்கும் ஒரு தனி இடத்தில், இருக்க வேண்டும். ஆபீஸில் நாங்களே எழுதியது வேறொன்றில். எனக்குத் தெரியாததல்ல. “ரெண்டும் ஒரே இடத்துல கிடக்கட்டும்பா” என்று என் ஜூனியர் சேகரிடம் சொன்னவனே நான்தான்.

இன்று புதிய பதிப்பை ஏற்றுவதற்காகப் பழைய டைரக்டரியை அப்படியே அழித்தேன். கார்த்திகை தீபத்துக்கு எங்கள் பஸ் கம்பெனி விடும் ஸ்பெஷல் பஸ்களுக்கு டிரைவர் டியூட்டி போட சேகர் எழுதிய புரோகிராமும் அதோடு போய்விட்டது. டேப்பில் நகல் இல்லை. தீபத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

மேனேஜர் கத்தினார். “அதை யாருய்யா அங்க வெச்சது?”

“நான்தான் சார்” என்றான் சேகர்.

நான் புதிய பதிப்பை ஏற்றப் போய்விட்டேன்.

சாயங்காலம் அவன் ஸ்கேலால் கோடு போட்டு, டிரைவர் பெயர்களைக் கையால் எழுத உட்கார்ந்தான். “நீங்க கிளம்புங்க சார், நான் பாத்துக்கறேன்” என்றான்.

கிளம்பி வந்துவிட்டேன்.