மூன்றாவது அடி

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அக்காவும் உங்கள் தங்கையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்கு மாதம் நிறைந்துவிட்டதால் இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படியுங்கள்.

நீங்கள் போன மாதம் எழுதியது கிடைத்தது. அது என் வேலைச் சட்டைப் பையில் இருந்ததால் இரண்டாம் பக்கம் இரத்தத்தில் ஊறி, பிரிக்க வராமல் ஒட்டிக்கொண்டது. கேள்வி முதல் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தது. உலகம் வெறும் சதையும் இரசாயனமும் என்றால், தனக்கு ஒரு லாபமும் இல்லாத இடத்தில் ஒருவன் ஏன் நல்லவனாக இருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். என் கல்யாணத்தன்று நாம் போட்ட சண்டையின் வால்தான் இது. இறைச்சிக் கூடத்தில் தினமும் நூறு உடம்பைப் பிளக்கிறேன், ஆன்மா என்று ஓர் உறுப்பை இதுவரை பார்த்ததில்லை என்று அன்று சொன்னேன். கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு நேரத்தைத் தேடுகிற ஆள் நீங்கள் என்று திருப்பிக் கொடுத்தீர்கள். போதகருக்கு வாய் நீளம் என்று பந்தியே சிரித்தது.

இந்தத் தடவைக்குப் பதில் பாதி எழுதி வைத்திருந்தேன். கூட்டமாக வாழும் எந்தப் பிராணியும் தன் கூட்டத்தைக் காக்கும், காக்காத கூட்டம் அழிந்துபோகும், நல்லது என்பது அதுதான் என்று. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் இறைச்சிக் கூடத்தில் உங்கள் கூட்டத்து ஆள் ஒருவர் இருந்தார். கத்தியைத் தொடுமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார், அதனால் ஜெபக்காரர் என்றே பெயர். ஐம்பது வயதிருக்கும். எதிர்மேசையில் மீசை என்று ஒருவன். கொஞ்ச நாளாகக் குடித்துவிட்டு வந்தான், கை நடுங்கியது. ஒருநாள் பக்கத்தில் நின்றவரின் விரலையே நறுக்கப் பார்த்தான். ஜெபக்காரர் மேலாளரிடம் போய், இவனைக் கத்தி வேலையிலிருந்து மாற்றுங்கள், ஆனால் வேலையை விட்டு அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மேலாளர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கி, அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணி. டீ குடித்துவிட்டு நாங்கள் நாலு பேர்தான் உள்ளே திரும்பியிருந்தோம். மீசை பின்வாசல் வழியாக வந்தான். "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். எலும்பிலிருந்து கறியை உரிக்கும் கத்தி ஜெபக்காரரின் வயிற்றில் கைப்பிடி வரை இறங்கியது. இழுத்து மறுபடி குத்தினான். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

நான் ஓடவில்லை. தொடைக்கறியை இழுக்க நாங்கள் கையில் வைத்திருக்கும் இரும்புக் கொக்கியால் மீசையின் முகத்தில் அடித்தேன். தாடை உடைந்தது எனக்குக் கேட்டது. கத்தி கீழே விழுந்தது. இரண்டாவது அடியில் அவனும் விழுந்தான். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அவன் அசையவில்லை, அவன் கையில் எதுவும் இல்லை. மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மறுபடி ஓங்கினேன்.

ஜெபக்காரர் ஒரு கையால் குடலைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் தரையில் முழங்கையால் ஊன்றி ஊன்றி வந்தார். வந்து மீசையின் மேல் கவிழ்ந்து படுத்தார். "போதும் தம்பி, விட்டுரு. அவன் செத்துருவான்" என்றார். எனக்குக் கேட்டது. அவர் பிடரி எனக்குத் தெரிந்தது. கொக்கி இறங்கியது அதில்தான்.

வயிற்றுக் காயத்துக்கு அவர் பிழைத்திருக்கலாம், கழுத்துக் காயம்தான் உயிரை எடுத்தது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருக்கிறார். இரண்டும் மீசையின் வேலை என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. அவனால் பேச முடியவில்லை. அன்று நடந்தது எதுவும் நினைவில் இல்லை என்று எழுதிக் காட்டினானாம். மேலாளர் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து எனக்குக் கைதட்டச் சொன்னார். ஜெபக்காரரின் மனைவி அடக்கத்தன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல அவர் பக்கத்துல நீங்க இருந்தீங்களே தம்பி, அது போதும் எனக்கு" என்றார். அந்தக் கையைத்தான் பிடித்திருந்தார்.

பத்து நாளாக நம் வழக்கை நானே இரண்டு பக்கமும் நின்று வாதாடிப் பார்க்கிறேன். என் பக்கம் சொல்கிறது: கண் பார்த்தது மூளைக்குப் போய், மூளை கைக்குச் சேதி சொல்ல நேரமாகும், ஓங்கிய கை அதற்குள் இறங்கிவிடும், அது நரம்பின் குற்றம். உங்கள் பக்கம் சொல்கிறது: தலைமயிர்கூட ஆண்டவர் சித்தமில்லாமல் விழாது. இரண்டிலும் நான் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது, மச்சான். அதுதான் பயமாக இருக்கிறது.

தன் கூட்டத்தைக் காப்பது சரி. தன் வயிற்றைக் கிழித்தவனைத் தன் உடம்பால் மூடிப் படுக்கிற பிராணியை என் புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை. உங்களையும் விடமாட்டேன். உலகத்தையே படைத்தவருக்கு என் மணிக்கட்டை ஒரு விரல்கடை திருப்பிவிட முடியவில்லையா? இதற்குப் பதில் எழுதாதீர்கள். ஜெபக்காரரின் மனைவி முன்னால் நின்று சொல்ல முடிகிற பதிலாக இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள்.

யாரும் பார்க்கவில்லை. உங்கள் கணக்கில் ஒருவர் பார்த்தார். என் கணக்கில் ஒருவருமில்லை. இருந்தும் நாளைக் காலை எட்டு மணிக்குக் காவல் நிலையம் போய் மூன்றாவது அடி என்னுடையது என்று சொல்லப் போகிறேன். ஏன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே போகிற வழியில் ஜெபக்காரரின் மனைவியிடம் முதலில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கால் வரவில்லை.

பிரசவம் முடிந்து, உங்கள் தங்கை எழுந்து உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்ட பிறகு, நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளையை என்னிடம் காட்ட வேண்டுமா என்பது அவள் முடிவு. பெயரை நீங்களே வையுங்கள். வேதத்திலிருந்து எடுத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையில் ஜெபக்காரருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் மனைவிக்காகவும். தாடை உடைந்து கிடக்கிறானே, அவனையும் விட்டுவிடாதீர்கள், அவனுக்கென்று யாருமில்லை. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை, மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்