இருவருக்கு மட்டும் அறை

அக்டோபர் 14, செவ்வாய்

திருத்த வேண்டிய விடைத்தாள்கள் நூற்றுப்பத்து. அவற்றை நகர்த்தி வைத்துவிட்டு டியானி கடற்கரையிலுள்ள ஸ்கூபா நிலையத்துக்குப் போன் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடலுக்குள் இறங்க வேண்டும், தங்க அறையும் வேண்டும் என்றேன். எடுத்தவள் பெயர் ஜுஹூரா.

"எத்தனை பேரு அக்கா?"

"ஒருத்தி."

"அந்த வாரம் ஒத்தை அறை கிடையாது அக்கா. எல்லாமே ரெண்டு பேர் அறை. கூட யாரும் வரலயா?"

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு என்ன சொல்வேன்?

அக்டோபர் 16

முல்வா போய் நாலு வருடம். போய் என்றால் இறந்து அல்ல. எல்டொரெட்டில் இன்னொருத்தியுடன் சௌக்கியமாக இருக்கிறான். மணவிலக்கின்போது வீடு, கார், புத்தகங்கள் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம். கடலைப் பற்றி யாரும் பேசவில்லை.

அறுபத்து மூன்று முறை இறங்கியிருக்கிறேன். அத்தனை முறையும் அவன்தான் என் ஜோடி. ஜோடி இல்லாமல் யாரையும் இறங்க விடமாட்டார்கள். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தன் காற்றைத் தர வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் என் மூச்சை ஒப்படைக்க முடியுமா? நாலு வருடமாக இந்த ஒரு கேள்வியால்தான் போகவில்லை. நேரமில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவந்தேன்.

மார்ச்சில் எனக்கு ஐம்பது வயது. இந்த டிசம்பரில் இறங்காவிட்டால் இனி இறங்க மாட்டேன். இதை எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலே எழுதுகிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

தங்கை கலோண்டு சொந்த ஊர் கித்துயியிலிருந்து பேசினாள்.

"கிறிஸ்துமஸுக்கு நைரோபியே காலியாகி அவங்கவங்க ஊருக்குப் போகுது. நீ மட்டும் மீனைப் பாக்கப் போறியாக்கும். மீன் வேணும்னா இங்க சந்தையில இருக்கு. நனையாமலே வாங்கலாம்."

"வேலை இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"என்ன வேலைன்னு சொல்ல? கடலுக்கு அடியில பரீட்சை நடத்துறேன்னா?"

சிரித்துவிட்டேன். ஆனால் உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. அம்மா வீட்டில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அதைக் கவனிக்காதது போல் இருபது பேர் கவனமாகச் சாப்பிடுவார்கள்.

அக்டோபர் 23

ஜுஹூராவே அழைத்தாள். "உங்களை மாதிரியே ஒத்தையா ஒருத்தங்க வர்றாங்க அக்கா. கிசுமுல நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவங்க. அகேயோன்னு பேரு. அறைக்கும் ஆச்சு, ஜோடிக்கும் ஆச்சு. சேத்துடவா?"

"எப்படிப்பட்டவங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "நல்லாப் பேசுவாங்க."

எச்சரிக்கைதான். இருந்தும் சரி என்றேன்.

அக்டோபர் 28

நைரோபி திரும்ப டிசம்பர் 27 பிற்பகல் மூன்று மணி ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. அந்த வாரத்து இடங்கள் திறந்த சற்று நேரத்திலேயே தீர்ந்துபோயின. விமானத்தை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். இறங்கி ஏறிய பிறகு ஒரு நாளாவது பறக்கக் கூடாது, உடம்பில் கரைந்த காற்று வெளியேற நேரம் வேண்டும். ரயில் தரையில் ஓடுகிறது. காலையில் கடல், மாலையில் ரயில். கச்சிதமான திட்டம்.

நவம்பர் 8, சனி

நாலு வருட இடைவெளி என்பதால் நீச்சல் குளத்தில் பழைய பாடத்தையே மறுபடி செய்து காட்டச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் எல்லாரும் என் மாணவர்கள் வயது. முகமூடிக்குள் தண்ணீர் விட்டு ஊதி வெளியேற்றினேன். மறக்கவில்லை.

இறங்குவதற்கு முன் ஜோடியின் வார்களை, குழாயை, சிலிண்டர் திருகை ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வாய்த்த பெண் என் தோள்வாரை இழுத்துப் பார்த்தாள். மார்புக் கொக்கியைத் தட்டினாள். "சரியா மேடம்?"

முகமூடியை அவசரமாக மாட்டிக்கொண்டேன். கண்ணில் குளத்துக் குளோரின் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். கடைசியாக என்னை ஒருவர் தொட்டு, நான் சரியாக இருக்கிறேனா என்று பார்த்தது எப்போது? பல் மருத்துவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நவம்பர் 15

அகேயோ எழுதுவதில்லை. குரல் செய்திகள்தான் அனுப்புகிறார். இன்றையது ஒன்பது நிமிடம்.

"டீச்சரம்மா, இப்பவே சொல்லிடறேன், நான் குறட்டை விடுவேன். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதைக் கேட்டுத்தான் தூங்குவார். இப்போ கேக்க ஆளில்லாம வீணாப் போகுது. வயசு அம்பத்தெட்டு. முங்குறதுக்குக் கத்துக்கிட்டது அம்பத்தி மூணுல. எம் பையன் 'அம்மா உனக்குப் பைத்தியமா'ன்னான். ஆமான்னுட்டேன்…"

அப்புறம் கோழிகள், பக்கத்து வீட்டுக்காரி, முழங்கால். நான் "சரி" என்று எழுதினேன். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு சொல். நான் இப்படித்தான்.

டிசம்பர் 2

மாலையில் அகேயோவின் செய்தி.

"டீச்சரம்மா, உங்க ரயிலு மூணு மணிக்கா? காலைல முங்கிட்டு மத்தியானமே மலை ஏறுவீங்களா? ரயிலுக்கு றெக்கை இல்லதான். ஆனா உங்க ஊரு எங்க இருக்கு? ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல. உங்க ஒடம்புல இருக்கிற காத்துக்கு ரயிலுன்னும் ப்ளேனுன்னும் தெரியுமா? நீங்க படிச்சவங்க, யோசிங்க."

"நீங்க படிச்சவங்க" என்றது சுட்டது. உடனே எழுதினேன்: "என் பயணத்தை நானே பார்த்துக்கொள்வேன். நன்றி."

பிறகுதான் ஸ்கூபா பாடப் புத்தகத்தின் உயர அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இருபத்து இரண்டு வருடமாக எண்களைக் கற்பிக்கிறவளுக்குத் தான் குடியிருக்கும் நகரத்தின் உயரம் நினைவில்லை.

ஜுஹூராவிடம் கேட்டேன். "நைரோபிக்காரங்க எல்லாரும் பண்றதுதான் டீச்சர். உங்களுக்கு உங்க ஊரு தரையாத்தான் தெரியும். எங்களுக்குத்தான் அது மலை." ரயிலில் போவதென்றால் 27-ஆம் தேதி இறங்க விடமாட்டாளாம்.

முல்வா எப்போதும் கடைசி நாளை ஒன்றும் செய்யாமல் கடற்கரையில் படுத்துக் கழிப்பான். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். அவனும் காரணம் சொன்னதில்லை. நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம்.

டிசம்பர் 3

28-ஆம் தேதி ரயிலில் இடமில்லை. பேருந்து உண்டு. ஆனால் 27 இரவுக்கு அறை கிடையாது. வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அகேயோவிடமிருந்து ஒன்றும் இல்லை.

டிசம்பர் 5

இன்றும் ஒன்றும் இல்லை. நான்கு முறை மன்னிப்பு எழுதி நான்கையும் அழித்தேன். நாலாவதில் "தங்கள்" என்று தொடங்கியிருந்தேன், துறைத் தலைவருக்கு எழுதுவது போல. இந்த அம்மாள் வரமாட்டேன் என்றுவிட்டால் அறையும் போயிற்று, ஜோடியும் போயிற்று. என் ஒரு வரியால்.

டிசம்பர் 6, சனி

போன் செய்தேன். எடுத்ததும், அவர் பேசத் தொடங்குமுன், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். நான் எழுதியது தவறு, நீங்கள் சொன்னது சரி, என் நன்மைக்குத்தான் சொன்னீர்கள், மன்னிக்க வேண்டும்.

"எதுக்கு மன்னிப்பு? எம் போனு மீன் அலசுற சட்டியில விழுந்துடுச்சு. நாலு நாளா அரிசிக்குள்ள கெடந்து இப்பத்தான் உயிர் வந்திருக்கு. நீங்க என்ன எழுதினீங்க?"

"ஒண்ணுமில்ல. அழிச்சுடறேன்."

"இருங்க, இருங்க. இதோ வருது." சத்தமாகப் படித்தார். "'என் பயணத்தை நானே பார்த்துக்கொள்வேன். நன்றி.' அடேயப்பா. கோபத்துலயும் நன்றி சொல்றீங்களே டீச்சரம்மா. எங்க வார்டுல டாக்டரம்மா ஒருத்தி இப்படித்தான். திட்டிட்டு நன்றி சொல்வா. அவளைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்."

வைக்கும் முன் கேட்டார், "ரயிலா, கடலா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. ஆனா என்னைய ஒத்தையா விட்டுடாதீங்க. எனக்கும் ஜோடி இல்லாம எறங்க விடமாட்டாங்க."

இது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை.

டிசம்பர் 9

ரயிலை ரத்து செய்துவிட்டு, எனக்கும் அகேயோவுக்கும் 28 மாலைப் பேருந்தில் இடம் எடுத்தேன். 27 முதல் ஜுஹூராவின் சித்தி வீட்டில் தங்கலாமாம்.

டிசம்பர் 26, வெள்ளி, டியானி

காற்று பலமாக அடிக்கிறது. படகு போகவில்லை. இருபது பேர் ஈர உடைகளைக் காயப்போடுவது போல் நடித்துக்கொண்டு கடலையே பார்த்தோம். அகேயோ நேரில் என்னைவிட ஒரு சாண் குள்ளம். குறட்டை பற்றி அவர் சொன்னது மிகையில்லை. இனி நாளை ஒரு நாள்தான் பாக்கி.

டிசம்பர் 27, சனி

படகில் அகேயோ என் வார்களைச் சோதித்தார், நாடி பார்ப்பவர் போல. நான் அவருடையதைச் சோதித்தேன். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். மற்ற ஜோடிகள் வழிகாட்டியோடு கீழே போய்விட்டன.

நாலு மீட்டரில் நின்றுவிட்டேன். காதைச் சுட்டி, வலிக்கிறது என்று சைகை காட்டினேன். காது வலிக்கவில்லை. மூச்சு என் கையில் இல்லை. வாயிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டு மேலே பாய வேண்டும் போல இருந்தது. அது பெரிய தவறு என்று தெரியும், தெரிந்தும் கை எழுந்தது.

அகேயோ என் மணிக்கட்டைப் பிடித்தார். முகமூடிக்கு நேரே முகமூடி. மெல்ல மூச்சை விட்டுக் காட்டினார். குமிழ்கள் போயின. நான் விட்டேன். மறுபடி அவர். மறுபடி நான். நீங்கள் கீழே போங்கள் என்று கை காட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். விதிப்படியும் போகக் கூடாதுதான். விதிக்காக இருப்பவர் அப்படிப் பிடிக்க மாட்டார்.

பதினெட்டு நிமிடம் கயிற்றில் தொங்கினோம். பார்த்தது படகின் அடிப்பாகம், கயிற்றில் ஒட்டிய பாசி, ஊசி போன்ற சில மீன் குஞ்சுகள்.

ஏணியில் ஏறியதும் ஜுஹூரா கேட்டாள், "என்ன பாத்தீங்க டீச்சர்?"

நான் வாயைத் திறக்குமுன் அகேயோ சொன்னார், "படகுக்கு அடியில பெயிண்ட் உரியுது. உங்க முதலாளிகிட்ட சொல்லு."

டிசம்பர் 28, ஞாயிறு

நாலு மீட்டருக்கும் விதி ஒன்றுதான் என்கிறாள் ஜுஹூரா. இன்று மாலைப் பேருந்துவரை காத்திருக்க வேண்டும். அவள் சித்தி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அகேயோ துருவு முக்காலியில் ஏறி உட்கார்ந்து சோற்றுக்குத் தேங்காய் துருவுகிறார். கிசுமுவில் தேங்காய் விளையாது; துருவல் பாதி மண்ணில்.

நேற்றைய விஷயத்தை நான் பேச வேண்டியிருந்தது. "காது வலிக்கல" என்றேன்.

"தெரியும். முப்பது வருஷம் பயந்தவங்களைத்தான் பாத்திருக்கேன்."

"நீங்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீங்க. என்னால உங்களுக்கு ஒண்ணும் பாக்கக் கிடைக்கல. நீங்க மட்டும் இருந்து நாளைப் படகுல போங்க. ஜுஹூரா உங்களுக்கு வேற ஜோடி தருவா."

"தருவா" என்றார். தொடர்ந்து துருவினார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய்ப் பேருந்துக்காரருக்குப் போன் செய்து, இரண்டு பேரின் பயணத்தையும் முப்பதாம் தேதிக்கு மாற்றினேன். நாளை எத்தனை மீட்டர் போவேன் என்று தெரியாது. ஏழு மணிப் படகில் இரண்டு இடம் சொல்லியாயிற்று.